தொய்வு

முல்லைத்தீவு ஐஸ் பெட்டியில் வெட்டிய இறகு.
எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும்
சூரை மணக்கிறது.
பறந்தால் காகம் துரத்தும் என்கிறாள் யசிந்தா.

மேசையில்
அறுக்குளாத் தூண்டிலுக்குக் கட்டும் உருக்குக் கம்பி,
ஃபிறிட்ஜ் திருத்துபவரிடம் கேட்டு வாங்கிய
ஊசித் தடிப்பில் செப்புக் குழாய்,
தீப்பெட்டியிலும் சின்னதாய் ஒரு மோட்டர்.

சுக்கானுக்கு இரண்டு கம்பி.
வயிற்றிலிருந்து வால் மட்டும்
இடத்தால் ஒன்று, வலத்தால் ஒன்று.
கம்பிக்குத் தள்ளத் தெரியாது.
இழுக்க மட்டும்தான்.
ஒன்று இழுக்கையில் மற்றது
இழுத்த அளவுக்கே, மயிரிழை பிசகாமல்,
விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதை அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.
கரடிப்போக்குப் பட்டறையில்
வருசத்துக்கு ஒருக்கால்
என் வலக்கைக்குக் கம்பி மாற்றுகிறவள்.
இடத்தோளை முன்னே தள்ளினால்
முதுகு வார் இழுக்கும்,
முழங்கை தாண்டிக் கம்பி இழுக்கும்,
கொளுக்கி வாய் திறக்கும்.
மூடுவதற்கு ஒரு ரப்பர் வளையம்.
'உனக்கும் ரண்டு கம்பி போட்டிருக்கலாம்' என்கிறாள்,
'காசு வரேல்லை.'

கொளுக்கியால் நான் பிடிக்க
கம்பியைக் குழாய்க்குள் விட்டு, வளைத்து,
திரும்ப விட்டு, இன்னொருக்கால் சுற்றிக்
குறட்டால் நசுக்குகிறாள்.
வியர்க்காது, நடுங்காது, சுட்டாலும் விடாது.
இந்த வேலைக்கு இதைவிட நல்ல கை
கிளிநொச்சியில் இல்லை.

நகத்தால் மீட்டிப் பார்க்கிறாள்.
டொங்.
மற்றது, டங்.
கூட இறுக்கினால் மோட்டர் இரவிரவாய் முனகும்.
தொய்ந்தால் வால் காற்றில் நடுங்கி
நடுங்கி
தன்னையே பிடுங்கி எறியும்.
மூன்றாம் நாள்தான் இரண்டும் ஒரே குரல்.

சுவிச்சைப் போட்டு
தடியை இடம் தள்ளினேன்.
வால் வலம் போனது.
'ஐயோ, சிலுவை போட்டிட்டம்!'
உள்ளே எங்கோ கம்பிகள் குறுக்கே போயிருந்தன.
றிமோட்டில் ஒரு பொத்தானால் மாற்றலாம் என்றேன்.
'மாத்தலாம். உள்ளுக்க உரசுறது உரசிக்கொண்டுதானே இருக்கும்'
என்று நாலு முடிச்சையும் வெட்டினாள்.
குழாய் போதவில்லை.
என் கைக்கென்று வைத்திருந்த பெட்டியில் கை விட்டாள்.

வட்டக்கச்சியில் சிறுபோகம் வெட்டின வயல்.
சோளகம் அடங்கின பின்னேரம்.
யசிந்தா ஓடிப்போய் எறிந்தாள்.
மீன் மணத்தோடு ஏறியது,
வரம்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி,
சொன்ன பக்கம் திரும்பியது.
திரும்பி
இரைந்துகொண்டு
எங்கள் பக்கம் வந்தது.

வாய்க்கால் கரையில் மாடு சாய்த்து வந்தவர்
மேலே பார்க்கவில்லை.
முதலில் மரங்களைப் பார்த்தார்,
எது கிட்ட, எது அடர்த்தி என்று.
பிறகுதான் என்னை.

என் முழங்கால்கள் மடிந்திருந்தன.
ஓட்டுகிறவனும் நான்
பதுங்குகிறவனும் நான்.
தோள் ஒடுங்கியது.
வார் இழுத்தது.
கொளுக்கி திறந்தது.
தடி நழுவிப்
போனது.

நழுவின தடி தானாக நடுவுக்கு வந்தது.
வாலும் வந்தது.
இரண்டு கம்பியும் ஒரே இழுவையில் நிற்க
யாரும் ஓட்டாமல் அது
நேரே போய்க்கொண்டிருந்தது,
அடுத்த வயலின் வைக்கோல் மட்டும்.

'உது படம் எடுக்குமோ தம்பி?'
'இல்லை அண்ணை. மீன்பெட்டி.'
மணந்து பார்க்க வந்தவர் போல
கொஞ்ச நேரம் நின்றார்.
மாடுகள் அதற்குள் உளுந்துக்குள் இறங்கிவிட்டன.

யசிந்தா தூக்கிக்கொண்டு வந்தாள்.
மூக்கு நசிந்திருந்தது.
கம்பியை மீட்டினாள். டங். டங்.
பிறகு என் சட்டைக்குப் பின்னால் விரல் விட்டு
வாரை இழுத்துப் பார்த்தாள்.
'இது கூட இறுகிப்போச்சு.
திங்கள் வா,
ஒரு துளை விடுவம்.'